ஹாங் மியுங் போ: கொரியாவின் லிபெரோ, பிறகு பயிற்சியாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங் மியுங் போ யார்? ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

1969 பிப்ரவரியில் சியோலில் பிறந்தவர். தென்கொரிய அணியின் தடுப்பாட்டக்காரராக 1990, 1994, 1998, 2002 என்று நான்கு உலகக் கோப்பைகளில் ஆடினார். நான்கிலும் சட்டை எண் 20. கடைசி உலகக் கோப்பையில் அவர்தான் கேப்டன், அந்த அணிதான் அரையிறுதி வரை போனது. நாட்டுக்காக மொத்தம் 136 ஆட்டங்கள், 10 கோல்கள். பயிற்சியாளராக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2014 உலகக் கோப்பையில் படுதோல்வி, உல்சான் அணியோடு 2022, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு கே லீக் (தென்கொரிய லீக்) பட்டங்கள். 2024 ஜூலையில் பெரிய சர்ச்சைக்கு நடுவில் மறுபடியும் தேசிய அணிப் பொறுப்புக்கு வந்தார்.

ஹாங் என்பது குடும்பப் பெயர். கொரியாவில் குடும்பப் பெயர் முதலில் வரும். அதனால் இங்கே சுருக்கமாக ஹாங் என்றே எழுதுகிறேன்.

லிபெரோ என்றால் என்ன? அவரை ஏன் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள்?

இத்தாலிய மொழியில் ‘சுதந்திரமானவர்’ என்று பொருள். மற்ற தடுப்பாட்டக்காரர்கள் ஆளுக்கு ஒரு எதிரணி முன்கள வீரரைப் பிடித்துக்கொள்வார்கள். லிபெரோவுக்கு அப்படி யாரையும் ஒதுக்க மாட்டார்கள். எல்லோருக்கும் பின்னால் நின்று, முன்னால் இருப்பவர்களைத் தாண்டி வரும் பந்தை மறிப்பது அவர் வேலை. பந்து கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைக்காமல், தானே முன்னே கொண்டுபோய் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பதும் அவர் வேலைதான். ஜெர்மனியின் பெக்கன்பாவர் இந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர்.

ஹாங் அந்த இடத்துக்கென்றே வார்த்தது போல இருந்தார். உயரம் இருந்தும் உடம்பை வைத்து மோதுகிற ஆள் இல்லை. பந்து எங்கே வரப்போகிறது என்று ஒரு நொடி முன்னாலேயே தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்பார். நீளமான பாஸ் அவருடைய பெரிய பலம். முகத்தில் எதையும் காட்டமாட்டார். அணி இரண்டு கோல் பின்னால் இருக்கும்போதும் அதே முகம்தான். பக்கத்தில் ஆடுகிறவர்களுக்கு அது எவ்வளவு தெம்பு தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்போது பெரிய வீரராக அடையாளம் தெரிந்தது?

கொரியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1990 தொடக்கத்தில் தேசிய அணிக்கு முதல் ஆட்டம், சில மாதங்களிலேயே இத்தாலியில் உலகக் கோப்பை. அங்கே கொரியா பெல்ஜியம், ஸ்பெயின், உருகுவே மூன்றிடமும் தோற்றுத் திரும்பியது. 21 வயதுப் பையனாக அந்த மூன்று ஆட்டங்களையும் ஆடினார் ஹாங்.

1992-இல் போஸ்கோ ஆட்டம்ஸ் கிளப்பில் சேர்ந்தார். எஃகு ஆலை நகரமான போஹாங்கின் அணி அது. இன்றைய போஹாங் ஸ்டீலர்ஸ். சேர்ந்த முதல் ஆண்டே அணி லீக் பட்டம் வென்றது, லீக்கின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. அந்த விருது முதல் வருடத்தில் இருக்கும் ஒரு தடுப்பாட்டக்காரருக்கு வந்தது என்றால் அவர் எப்படி ஆடியிருப்பார்!

1994 உலகக் கோப்பையைப் பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

அந்த உலகக் கோப்பைக்குக் கொரியா போனதே கடைசி நிமிடத்தில். 1993 அக்டோபர் 28, கத்தாரின் தோஹா, தகுதிச்சுற்றின் கடைசி நாள். கொரியா வடகொரியாவை 3–0 என்று வென்றுவிட்டது, ஆனால் அது மட்டும் போதாது. இன்னொரு மைதானத்தில் ஜப்பான் ஈராக்கை ஜெயித்தால் கொரியா வெளியே. ஜப்பான் 2–1 என்று முன்னணியில் இருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் ஈராக் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. கொரியா உள்ளே போனது. ஜப்பானில் அதைத் தோஹாவின் துயரம் என்றும் கொரியாவில் தோஹாவின் அதிசயம் என்றும் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் முதல் ஆட்டம் டல்லாஸில், ஸ்பெயினோடு. இரண்டாவது பாதியில் 0–2 என்று பின்னால். 85-ஆவது நிமிடம் ஹாங் ஃப்ரீ கிக்கில் ஒரு கோல். 90-ஆவது நிமிடம் அவர் கொடுத்த பந்தில் சியோ ஜுங் வோன் இன்னொன்று. ஆட்டம் 2–2. அடுத்து பொலிவியாவோடு 0–0.

மூன்றாவது ஆட்டம், மறுபடியும் டல்லாஸ், நடப்புச் சாம்பியன் ஜெர்மனி. ஜூன் மாத வெயில், பிற்பகல் கொதிப்பு. இடைவேளைக்குள் கிளின்ஸ்மன் இரண்டு, ரீட்லே ஒன்று, 0–3. இடைவேளைக்குப் பிறகு நடந்ததுதான் கதை. 52-ஆவது நிமிடம் ஹ்வாங் சன் ஹோங் ஒன்று போட்டார். 63-ஆவது நிமிடம் ஹாங் பின்னாலிருந்து முன்னே வந்து, பெட்டிக்கு வெளியே நல்ல தூரத்திலிருந்து அடித்த பந்து ஜெர்மனி கோல்கீப்பர் இல்க்னரைத் தாண்டி வலைக்குள் போனது. 2–3. மீதி நேரம் முழுக்க ஜெர்மனி தன் கோலைக் காப்பாற்றிக்கொள்ளவே போராடியது. கொரியா தோற்றது, வெளியேறியது. ஆனாலும் ஆசிய அணி ஒன்று ஜெர்மனியைத் திணறடித்த அந்த 45 நிமிடங்களைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை.

ஒரு தடுப்பாட்டக்காரர் ஒரே உலகக் கோப்பையில், ஸ்பெயின் மீதும் ஜெர்மனி மீதும் கோல் போட்டிருக்கிறார். உலகம் அவரைக் கவனித்தது அப்போதுதான்.

ஐரோப்பாவுக்கு ஏன் போகவில்லை?

அவர் வெளிநாடு போனார், ஆனால் பக்கத்து நாட்டுக்கு. 1997-இல் ஜப்பானின் பெல்மரே ஹிரட்சுகா, 1999 முதல் காஷிவா ரெய்சோல். காஷிவாவில் வந்த வருடமே லீக் கோப்பை கிடைத்தது. 2000-ஆம் ஆண்டு அங்கே கேப்டன் பட்டையைக் கட்டினார். அந்த ஆண்டின் ஜே லீக் (ஜப்பான் லீக்) சிறந்த பதினொருவர் பட்டியலிலும் இடம்பிடித்தார். கொரியாவை 35 ஆண்டுகள் காலனியாக ஆண்ட நாட்டின் கிளப், ஒரு கொரியரைத் தலைவராக ஏற்றுக்கொண்டது. இது பட்டங்களைவிடப் பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

1998-இல் என்ன நடந்தது?

நல்லது எதுவும் நடக்கவில்லை. மெக்சிகோவிடம் 1–3, நெதர்லாந்திடம் 0–5. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் சா பும் குன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசியாகப் பெல்ஜியத்தோடு 1–1. அந்த ஐந்து கோல் அடித்த நெதர்லாந்து அணியின் பயிற்சியாளர் பெயர் குஸ் ஹிடிங்க். கொரியா அவரையே பின்னால் வேலைக்கு எடுத்தது.

2002 அணியில் அவருடைய பங்கு என்ன?

முதலில், அவர் அந்த அணியிலேயே இருக்காமல் போயிருக்கலாம். காயம் காரணமாக 2001-இல் பல மாதங்கள் ஹிடிங்கின் அணியில் அவருக்கு இடமில்லை. வயது 32 தாண்டிவிட்டது. இனி வரமாட்டார் என்றே பலர் நினைத்தார்கள். 2002 வசந்த காலத்தில்தான் திரும்பக் கூப்பிட்டார் ஹிடிங்க். சோய் ஜின் சோல், கிம் டே யோங் இருவரும் இரண்டு பக்கம், நடுவில் ஹாங். அந்த மூவர் அரண் மேல்தான் மீதி அணி ஓடியது.

ஒரு கணக்கு மட்டும் மனதில் வையுங்கள். 2002-க்கு முன் கொரியா ஐந்து உலகக் கோப்பைகளில் 14 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. ஜூன் 4-ஆம் தேதி பூசானில் போலந்தை 2–0 என்று வென்றது முதல் வெற்றி. ஹாங்குக்கு அது நான்காவது உலகக் கோப்பை. முதல் வெற்றிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். அப்புறம் அமெரிக்காவோடு 1–1, போர்ச்சுகல் மீது 1–0, இத்தாலி மீது கோல்டன் கோலில் (கூடுதல் நேரத்தில் முதலில் விழும் கோலோடு ஆட்டம் முடிந்துவிடும்) 2–1.

இத்தாலி ஆட்டத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 0–1 என்று பின்னால் இருந்தபோது ஹிடிங்க் தடுப்பு வேலை பார்ப்பவர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்து முன்கள வீரர்களை இறக்கினார். 83-ஆவது நிமிடம் கேப்டன் ஹாங்கையே எடுத்துவிட்டு சா டூ ரியை அனுப்பினார். 88-ஆவது நிமிடம் சோல் கி ஹியோன் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஆன் ஜுங் ஹ்வானின் தலை. ஹாங் அதை மைதானத்துக்கு வெளியே இருந்துதான் பார்த்தார்.

ஸ்பெயினோடு காலிறுதி, குவாங்ஜு, 0–0, பெனால்டி. கொரிய கோல்கீப்பர் லீ வூன் ஜே, ஸ்பெயின் வீரர் ஹோகினின் உதையைத் தடுத்தார். ஐந்தாவது உதைக்கு வந்தவர் ஹாங். போட்டால் அரையிறுதி. எதிரே ஸ்பெயின் கோல்கீப்பர் கசியாஸ். வலையின் மேல்பக்கம் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினார், முகம் முழுக்கச் சிரிப்பு. பன்னிரண்டு வருடம் இறுகிய முகத்தையே பார்த்துப் பழகிய மக்களுக்கு அந்தச் சிரிப்பே ஒரு பரிசு.

அரையிறுதியில் ஜெர்மனியிடம் 0–1. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் துருக்கியிடம் 2–3. இதில் முதல் கோல் ஹாங்கின் காலில் இருந்த பந்து பறிபோய் விழுந்தது, ஆட்டம் தொடங்கி 11 விநாடிகளில். அதையும் சேர்த்தே அவர் கதையைச் சொல்ல வேண்டும்.

நடுவர்கள் உதவியால்தான் ஜெயித்தார்கள் என்கிறார்களே?

இத்தாலி, ஸ்பெயின் ஆட்டங்களில் நடுவர் முடிவுகள் சில தவறானவை. ஸ்பெயினுக்கு மறுக்கப்பட்ட கோல்களைப் பார்த்தால் அவர்கள் கோபம் நியாயமானதுதான். அதற்காக அந்த அணியின் உழைப்பே பொய் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. போலந்து, போர்ச்சுகல் ஆட்டங்களைப் பாருங்கள். அரையிறுதிக்கு வரும்வரை ஐந்து ஆட்டங்களில் கொரியா வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு. அதை எந்த நடுவரும் பரிசாகக் கொடுக்க முடியாது.

வெண்கலப் பந்து என்பது என்ன விருது?

உலகக் கோப்பையின் சிறந்த வீரர் தேர்வில் மூன்றாம் இடம். 2002-இல் முதலிடம் ஜெர்மனி கோல்கீப்பர் காஹ்ன், இரண்டாமிடம் ரொனால்டோ, மூன்றாமிடம் ஹாங். அந்த மூன்று இடங்களில் ஒன்றுக்கு வந்த முதல் ஆசியர் அவர். 2004-இல் பெலே தேர்ந்தெடுத்த வாழும் சிறந்த வீரர்கள் பட்டியலிலும் கொரியாவிலிருந்து அவர் பெயர் மட்டுமே இருந்தது.

எப்போது ஓய்வு பெற்றார்?

2002 நவம்பரில் பிரேசிலோடு நடந்த ஆட்டத்தோடு தேசிய அணியிலிருந்து விலகினார். 2003, 2004 இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சி அணியில் ஆடிவிட்டு முடித்துக்கொண்டார்.

பயிற்சியாளர் வாழ்க்கை எப்படித் தொடங்கியது?

2006 உலகக் கோப்பையில், அப்போதைய கொரியப் பயிற்சியாளர் டிக் அட்வகாட்டின் உதவியாளராக. தனியாகப் பொறுப்பு ஏற்றது 2009-இல், 20 வயதுக்கு உட்பட்டோர் அணியில். எகிப்தில் நடந்த உலகப் போட்டியில் அந்தப் பையன்கள் காலிறுதி வரை வந்தார்கள். கூ ஜா சோல், கிம் யோங் குவோன், கிம் போ கியுங் எல்லோரும் அந்த அணியில் வளர்ந்தவர்கள். கொரியப் பத்திரிகைகள் அவர்களுக்கு ‘ஹாங் மியுங் போவின் பிள்ளைகள்’ என்றே பெயர் வைத்தன.

இந்தப் பையன்களோடு அவர் மூன்று வருடம் இருந்தார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். 2010-இல் சீனாவின் குவாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அரையிறுதியில் தோற்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஈரானிடம் 1–3 என்று பின்தங்கியிருந்து 4–3 என்று ஜெயித்தார்கள். 2012-இல் லண்டனுக்குப் போனபோது பயிற்சியாளருக்கும் வீரர்களுக்கும் ஒருவரையொருவர் உள்ளும் புறமும் தெரிந்திருந்தது.

2012 ஒலிம்பிக் வெண்கலம் கொரியாவுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

இரண்டு காரணம். ஒன்று, கொரியக் கால்பந்துக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். இரண்டு, ராணுவம். கொரிய ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். அப்போது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், அதுவும் ஒரு வீரர் உச்சத்தில் இருக்கும் வயதில். ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கம் வாங்கினாலும் விலக்கு உண்டு; சில வார அடிப்படைப் பயிற்சியோடு முடிந்துவிடும்.

இதனால் ஒரு சிக்கலும் வந்தது. முன்கள வீரர் பார்க் சூ யோங், மொனாக்கோவில் பெற்ற நீண்டகால வசிப்பு உரிமையை வைத்து ராணுவ சேவையைத் தள்ளிப்போட்டது தெரிந்து ஊரே கொதித்தது. ஹாங் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். சூ யோங் ராணுவத்துக்குப் போகவில்லை என்றால் அவனுக்குப் பதில் நானே போகிறேன் என்றார். அப்படி ஒரு சொல்லைக் கேட்ட வீரன் அந்தப் பயிற்சியாளருக்காக என்னதான் செய்யமாட்டான்?

காலிறுதியில் கார்டிஃபில் பிரிட்டனை, அவர்கள் சொந்த மண்ணில், பெனால்டியில் வென்றார்கள். அரையிறுதியில் பிரேசிலிடம் 0–3. ஆகஸ்ட் 10 வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரில் ஜப்பான். முதல் கோல் போட்டது அதே பார்க் சூ யோங். இரண்டாவது கூ ஜா சோல். 2–0.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஹாங் கிம் கி ஹீயை உள்ளே இறக்கினார். அணியில் அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடாதவர் அவர் ஒருவர்தான். அப்போதைய விதிப்படி மைதானத்தில் இறங்கி ஆடியவருக்குத்தான் ராணுவ விலக்கு. ஒருவனும் விடுபடக்கூடாது என்று ஹாங் அந்த இறுக்கத்திலும் நினைவில் வைத்திருந்தார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

அப்படிப்பட்டவர் 2014-இல் எப்படித் தோற்றார்?

அதே குணத்தால்தான் என்று பலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. 2013 ஜூனில் பொறுப்பேற்றார்; உலகக் கோப்பைக்கு ஒரே வருடம். தங்கள் கிளப்பில் தொடர்ந்து ஆடுகிறவர்களைத்தான் எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். கடைசியில் கிளப்பில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்த பார்க் சூ யோங்கை எடுத்தார். லண்டனில் ஆடிய பலரும் பட்டியலில் வந்தார்கள். விசுவாசத்துக்காக ஆள் எடுக்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

ரஷ்யாவோடு 1–1. அல்ஜீரியாவிடம் முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கி 2–4. பெல்ஜியம் பத்துப் பேரோடு ஆடியும் 0–1. ஒரு வெற்றிகூட இல்லை. இன்சோன் விமான நிலையத்தில் ரசிகர்கள் அணி மீது ‘யோட்’ என்னும் மிட்டாயை எறிந்தார்கள். கொரிய மொழியில் ‘யோட் தின்னு’ என்பது கெட்ட வசவு. கொரியக் கால்பந்துச் சங்கம் அவரைத் தக்கவைக்கப் பார்த்தது. ஆனால் ஜூலை 10 அன்று அவரே விலகிவிட்டார்.

ஆள் தேர்வில் அவர் செய்தது தவறு, சந்தேகமில்லை. இருந்தாலும் அதைவிடப் பெரிய காரணம் காலம் என்று நினைக்கிறேன். லண்டன் அணியை மூன்று வருடத்தில் செய்தார். 2014 உலகக் கோப்பை அணிக்கு ஒரே வருடம். புதிதாக ஒருவரை நம்ப நேரம் இல்லாததால், ஏற்கெனவே நம்பியவர்களிடமே போனார்.

அதன் பிறகு?

சீனாவின் ஹாங்ஜோ கிரீன்டவுன் அணிக்கு 2016-இல் போனார். அந்த ஆண்டே அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியது, 2017-இல் விலகினார். பிறகு மூன்று ஆண்டு கொரியக் கால்பந்துச் சங்கத்தில் நிர்வாகி.

உல்சானில் என்ன மாற்றினார்?

உல்சான், ஹூண்டாய் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். பணமும் நல்ல வீரர்களும் இருந்தும் அந்த அணிக்கு 2005-க்குப் பிறகு லீக் பட்டமே இல்லை. 2019-இல் கடைசி நாளில் போஹாங்கிடம் 1–4 என்று தோற்றுப் பட்டத்தை இழந்தது. 2020-இலும் இரண்டாமிடம். ஹாங் வந்த 2021-இலும் இரண்டாமிடம்தான். அந்த ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பெனால்டியில் வெளியே தள்ளியதும் போஹாங். தான் வளர்ந்த கிளப்பின் பரம எதிரியிடம் வேலைக்குப் போனவருக்கு அந்தத் தோல்வி எப்படி இருந்திருக்கும்!

இந்த முறை அவரை விட்டுவைத்தார்கள். 2022 அக்டோபர் 8, ஜோன்புக்கோடு ஆட்டம். 90 நிமிடம் முடிந்தபோது உல்சான் 0–1. கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில் உல்சானின் மார்ட்டின் ஆடம் இரண்டு கோல் போட்டார், 2–1. எட்டு நாள் கழித்து கங்வோனை வென்று 17 வருடத்துக்குப் பிறகு பட்டம். அடுத்த ஆண்டும் பட்டம், மூன்று ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே. அந்த கிளப் அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது அதுவே முதல் தடவை.

2023 லீக்கின் சிறந்த வீரர் யார் தெரியுமா? கிம் யோங் குவோன். 2009-இல் எகிப்துக்குக் கூட்டிப்போன அதே பையன், அதே மாதிரி ஒரு தடுப்பாட்டக்காரர். 1992-இல் ஹாங் வாங்கிய விருதை, 31 வருடம் கழித்து அவருடைய மாணவர் வாங்கினார்.

2024 நியமனத்தில் ஏன் அவ்வளவு சண்டை?

தேசிய அணிப் பயிற்சியாளராக இருந்த கிளின்ஸ்மனை – 1994-இல் டல்லாஸில் இரண்டு கோல் போட்ட அதே கிளின்ஸ்மன்தான் – ஆசியக் கோப்பைத் தோல்விக்குப் பிறகு பிப்ரவரியில் நீக்கினார்கள். ஐந்து மாதம் தேடினார்கள், வெளிநாட்டுப் பயிற்சியாளர்களோடும் பேசினார்கள். கடைசியில் ஜூலையில், லீக் பாதியில் இருக்கும்போது, உல்சானிலிருந்து ஹாங்கை எடுத்தார்கள். போகமாட்டேன் என்ற தொனியில் அவர் முன்பு பேசியிருந்ததால் உல்சான் ரசிகர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். தேர்வுக் குழுவில் இருந்த முன்னாள் வீரர் பார்க் ஜூ ஹோ, முறையாக எதுவும் நடக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். செப்டம்பரில் நாடாளுமன்றக் குழு ஹாங்கைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. சங்கம் விதிகளைப் பின்பற்றவில்லை என்று விளையாட்டு அமைச்சகத்தின் தணிக்கையும் சொன்னது. முதல் ஆட்டம் பாலஸ்தீனத்தோடு சியோலில், 0–0. சொந்த மைதானமே அவரை எதிர்த்துக் கூச்சலிட்டது.

ரசிகர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. முறை தவறாக நடந்தால், வந்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். உல்சான்காரர்களின் வருத்தம் எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

இரண்டாவது முறை எப்படிப் போனது?

உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் மூன்றாம் கட்டத்தில் பத்து ஆட்டங்களில் ஆறு வெற்றி, நான்கு சமன், தோல்வி இல்லை. 2025 ஜூன் 5, பாஸ்ராவில் ஈராக்கை 2–0 என்று வென்று தகுதி உறுதியானது. 1986-லிருந்து தொடர்ந்து பதினோராவது உலகக் கோப்பை. அப்புறம் மூவர் அரணைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். அக்டோபரில் சியோலில் பிரேசில் 5–0 என்று அடித்துவிட்டுப் போனது.

அந்த மழை நாளில்தான் முன்கள வீரர் சோன் ஹியுங் மின் தன் 137-ஆவது ஆட்டத்தை ஆடினார். ஹாங்கும், ஒரு காலத்தில் வீரராக ஆடிய சா பும் குன்னும் 136 ஆட்டங்களோடு வைத்திருந்த சாதனை போனது. 2014-இல் அல்ஜீரியாவிடம் அணி நொறுங்கிய நாளில், 21 வயதில் தன் முதல் உலகக் கோப்பைக் கோலைப் போட்ட சோன் அவர். இரண்டு நாளிலும் பயிற்சியாளர் இடத்தில் நின்றவர் ஹாங்.

இவரைப் பார்த்ததே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

1994 ஜெர்மனி ஆட்டத்தின் இரண்டாவது பாதி. பந்தைப் பார்க்காமல் 20-ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள். முதல் பத்து நிமிடம் அவர் எங்கே நிற்கிறார், ஒரு கோல் விழுந்த பிறகு எவ்வளவு முன்னே வருகிறார் என்று கவனியுங்கள். அப்புறம் ஸ்பெயினோடு அந்த ஐந்தாவது பெனால்டி. உதைத்த பிறகு நிறுத்திவிடாதீர்கள், அந்தச் சிரிப்பு வரும்வரை ஓடவிடுங்கள்.